ஐந்து மாதத்தில் சந்து விழுந்த டெக்: காண்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டாரா?

அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு புறநகரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர்கள் வீட்டின் பின்பக்கம் சரிவு நிலம். சமையலறைக் கதவைத் திறந்தால் தரையிலிருந்து ஒன்பதடி உயரத்தில் டெக், அதாவது வீட்டோடு ஒட்டிய திறந்த மரத்தளம். பழைய டெக் உளுத்துப்போனதால், கடந்த ஏப்ரலில் 16-க்கு 12 அடியில் பிரஷர் ட்ரீட்டட் (அழுத்தத்தில் மருந்து ஏற்றிய) பைன் மரத்தில் புதிதாகக் கட்டினார்கள். காண்ட்ராக்டர் பலகைகளை இடைவெளியே விடாமல் ஒன்றோடொன்று ஒட்டி அடித்திருக்கிறார். கேட்டதற்கு, "காய்ந்தால் தானாக விலகிக்கொள்ளும்" என்றாராம். இப்போது செப்டம்பர். பலகைகளுக்கு நடுவே கால் அங்குலம்வரை சந்து விழுந்திருக்கிறது. சில பலகைகள் ஓரம் தூக்கி நடுவில் குழிந்துவிட்டன. கைப்பிடித் தூண் ஒன்றில் இரண்டடி நீளத்துக்கு வெடிப்பு. ஆறு அங்குலம் என்று பில் போட்ட பலகையைக் கணவர் டேப் வைத்து அளந்தால் ஐந்தரைக்கும் ஒரு மயிரிழை குறைவாக இருக்கிறது. "மருந்து ஏற்றிய மரம் சுருங்கக் கூடாது, அளவிலும் ஏமாற்றிவிட்டான்" என்று அவர் கடைசித் தவணை 2,400 டாலரை நிறுத்தி வைத்திருக்கிறார்.

ஜூலையில் ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். நாற்பது ஆண்டு தச்சு வேலை பார்த்தவர். டெக்கில் கால் வைத்ததுமே, "பச்சை மரத்தை அடிச்சுட்டுப் போயிட்டான்மா" என்று சொல்லிவிட்டார். மரத்தூளையும் பசையையும் குழைத்துச் சந்துகளை அடைத்துத் தருவதாகச் சொல்லி வேலையைத் தொடங்கவும் தயாராகிவிட்டார். மிச்சமான கட்டைத் துண்டுகளைக் குளிர்காலத்தில் தோட்டத்து அடுப்பில் எரிக்க அடுக்கி வைத்திருக்கிறார். வாசகி கேட்பது மூன்று: மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டுமா? நான்கு வயது மகள் ஓடியாடும் இடத்தில் இந்தச் சந்துகளை என்ன செய்வது? "மாமா சொல்றது தப்புன்னு என் வாயால சொல்ல முடியலை. அவர் மனசு நோகாம எப்படிச் சொல்றது?"

கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, ஒரு வரி: "கைப்பிடியும் லேசாக ஆடுகிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது அந்தக் கடைசி வரியைத்தான். மற்றதெல்லாம் பொறுமையாகப் பேசலாம். இது பொறுக்காது. ஒன்பதடி உயரத்தில் ஆடும் கைப்பிடி என்றால், அதைச் சரிசெய்யும்வரை உங்கள் மகளை அங்கே தனியாக விடாதீர்கள். பெரியவர்களும் சாய்ந்து நிற்க வேண்டாம். சமையலறைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் இருந்தால் இன்றைக்கே போட்டுவையுங்கள். ஏன் ஆடுகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதற்குக் கீழே வருகிறேன். சந்து, வெடிப்பு, ஆட்டம் மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்பதால் முதலில் அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடங்களாக இந்தப் பக்கத்து மர வீடுகளைச் சோதித்துப் பார்க்கும் இன்ஜினியர் என்ற முறையில் எழுதுகிறேன்.

மாமனார் சொன்னதில் பாதி சரி

முதலில் அவருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். கால் வைத்த உடனே "ஈரமாக அடித்த மரம்" என்று கண்டுபிடித்தாரே, அது சரி. ஆனால் வெட்டிய பச்சையிலேயே கொண்டுவந்து அடித்துவிட்டார்கள் என்று அவர் நினைப்பது சரியல்ல.

தெற்கத்திப் பைன் மரத்தை அறுத்ததும் சூளையில் வைத்து ஈரப்பதம் 19 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ வரும்வரை உலர்த்துகிறார்கள். உலர்ந்த பிறகுதான் இழைத்து அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்கு அப்புறம் பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, செம்பு கலந்த மருந்துத் தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள். காய்ந்திருந்த மரம் திரும்பவும் தொப்பலாக நனைந்துவிடுகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர் இருக்கலாம். அந்த ஈரத்தோடேதான் கடைக்கு வருகிறது. ஏப்ரலில் உங்கள் வீட்டில் ஸ்க்ரூ இறக்கியபோது பக்கத்தில் நின்று பார்த்திருந்தால், ஸ்க்ரூத் தலையைச் சுற்றிப் பச்சை படிந்த தண்ணீர் நுரைத்துக் கசிந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

மருந்துக்கும் சுருக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பூஞ்சையும் கரையானும் மரத்தைத் தின்னாமல் தடுப்பதோடு அந்தச் செம்பின் வேலை முடிந்தது. தண்ணீர் வருவதையும் போவதையும் அது தடுக்காது.

மாமனாருக்குச் சுவையாக இருக்கும் ஒரு செய்தியும் உண்டு. நம் ஊரில் வெளிறு (பட்டையை ஒட்டிய வெளுத்த மரம்) என்றால் செதுக்கித் தள்ளிவிடுவோம், நடுவில் வைரம் பாய்ந்த கட்டையைத்தான் நிலைக்கும் கதவுக்கும் எடுப்போம். இங்கே ட்ரீட்டட் மரத்தில் கணக்கு தலைகீழ். பைனின் வைரத்துக்குள் மருந்து சரியாக இறங்காது. வெளிறுதான் குடிக்கும். வெளிறு அகலமாக உள்ள மரம் என்பதால்தான் தெற்கத்திப் பைனை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் பலகை, மருந்து ஏறியபின் வெயிலிலும் மழையிலும் பல வருடம் கிடக்கும்.

அளவு விஷயத்தில் காண்ட்ராக்டர் மீது தப்பே இல்லை. இந்த நாட்டில் "ஆறு அங்குலப் பலகை" என்பது பெயர்தான். இழைத்தபின் அதன் அகலம் ஐந்தரை அங்குலம். 2×6 என்று விற்கும் கட்டையும் ஒன்றரைக்கு ஐந்தரைதான். எல்லாக் கடையிலும் இதே அளவு. மருந்து ஏற்றும்போது ஐந்தரையைத் தாண்டி உப்பியது, காய்ந்தபோது அதற்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. கணவர் அளந்த மயிரிழைக் குறைவு அதுதான்.

இரண்டு நூல் எங்கே போனது

எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது நம் தச்சுக் கணக்கு. மாமனாரோடு உட்கார்ந்து பேச வசதியாக இருக்கும் என்பதால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

மரத்துக்குள் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, நுண்குழாய்களின் வெற்றிடத்துக்குள் குடத்துத் தண்ணீர்போல் நிற்பது. மற்றொன்று, அந்தக் குழாய்களின் சுவருக்குள் ஊறிக் கிடப்பது. முதலில் வடிவது குடத்துத் தண்ணீர். அது வடியும்போது மரம் எடை குறையும், அளவு குறையாது. ஈரப்பதம் ஏறக்குறைய 28 சதவீதத்துக்குக் கீழே போனபிறகுதான் சுவரில் ஊறிய தண்ணீர் கிளம்பும், சுவர் ஒடுங்கும், பலகை சுருங்கும். கட்டி முடித்த முதல் சில வாரம் ஒன்றுமே ஆகாததுபோல் இருந்துவிட்டு, ஜூன் வெயிலில் திடீரென்று சந்து விழுந்ததாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? காரணம் இதுதான்.

எவ்வளவு சுருங்கும்? விஸ்கான்சினில் மேடிசன் நகரில் உள்ள அரசு மர ஆராய்ச்சிக் கூடத்தின் கையேட்டில், இந்தப் பக்கம் அதிகம் கிடைக்கும் லாப்லாலி பைனுக்கு இரண்டு கணக்கு இருக்கிறது. முழு ஈரத்திலிருந்து துளி ஈரமில்லாத நிலைவரை போனால், ஆண்டு வளையத்தின் போக்கில் 7.4 சதவீதம், வளையத்துக்குக் குறுக்கே 4.8 சதவீதம். உங்கள் டெக் அந்த அளவுக்குக் காயப்போவதில்லை. அட்லாண்டாவின் வெளிக்காற்றில் மரம் 13 சதவீத ஈரத்தை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே மேலே சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. ஐந்தரை அங்குலம் என்றால் 44 நூல். பலகை அறுத்த விதத்தைப் பொறுத்து அதில் ஒரு நூலிலிருந்து இரண்டு நூல் வரை குறையும். ஒட்டி அடித்த பலகைகளுக்கு நடுவே கால் அங்குலம்வரை சந்து என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு அப்படியே பொருந்துகிறது.

நீளத்தில் மட்டும் ஏன் சுருங்கவில்லை என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். மரத்தின் நார் நெடுக்காக ஓடுவதால் அந்தத் திசையில் சுருக்கம் மிகச் சொற்பம். பதினாறடிப் பலகைக்கே ஒரு நூல் அளவுதான்.

ஆக, ஈரப் பலகையை ஒட்டி அடித்தவர் தொழில் தெரிந்தவர். இதை நான் சொந்த வீட்டில் பாடமாகக் கற்றேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானே கட்டிய முதல் டெக்கில், ஈரப் பலகைகளுக்கு இடையே தடித்த ஆணியைச் சொருகி, ஒரே சீராக இடைவெளி விட்டு அடித்தேன். முடித்த அன்று அவ்வளவு அழகாக இருந்தது. அடுத்த கோடையில் சந்து மூன்று நூல். என் மகளின் கிரயான்கள் ஒவ்வொன்றாக அதற்குள் விழுந்தன. நாற்காலிக் கால் மாட்டிக்கொண்டது. கடைசியில் எல்லாப் பலகைகளையும் கழற்றி நெருக்கி அடித்து, இரண்டு பலகை புதிதாகச் சேர்த்தேன்.

குழிவும் வெடிப்பும்

பலகையின் நுனியைப் பாருங்கள், ஆண்டு வளையங்கள் வில்போல வளைந்து தெரியும். காயும்போது அந்த வில் நிமிரப் பார்க்கும், அதனால் பலகையின் ஓரங்கள் பட்டைப் பக்கமாகத் தூக்கும். ஒரு நூல் ஆழம்வரை குழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் குழிந்து, மழை நின்ற பிறகும் தண்ணீர் தேங்கினால், அந்தப் பலகையைக் கழற்றிக் குப்புறப் போட்டு அடிக்கச் சொல்லுங்கள். இப்போது அது காய்ந்துவிட்டதால் பெரிதாக மாறாது. பலகைகளைத் தாங்கும் ஒவ்வொரு கீழ்ச்சட்டத்திலும் பலகைக்கு இரண்டு ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால் அது வேலையின் குறை.

தூண் வெடிப்பு பார்க்கத்தான் பயமாக இருக்கும். 4×4 தூணுக்குள் பெரும்பாலும் மரத்தின் நடு நெஞ்சு மாட்டிக்கொண்டிருக்கும். வளையத்தின் போக்கில் சுருக்கம் அதிகம், நெஞ்சை நோக்கிக் குறைவு. சுற்றளவு ஒடுங்குகிறது, நடுப்பகுதி அந்த அளவுக்கு ஒடுங்காது. எங்காவது ஓரிடத்தில் பிளந்துதான் ஆக வேண்டும். ஒரு முகத்தில் மட்டும், நார் போன போக்கில், உள்ளே போகப் போகக் குறுகும் வெடிப்பு தூணின் வலுவைப் பெரிதாகக் குறைக்காது. அதற்குள் பசை அடைக்கவும் வேண்டாம்.

மூன்று இடத்தில் மட்டும் அலட்சியம் கூடாது: வெடிப்பு போல்ட் துளை வழியே ஓடினால், ஒரு முகத்தில் தொடங்கி எதிர்முகம்வரை போயிருந்தால், தூணில் காடி (பொருத்துவதற்கான பள்ளம்) வெட்டிப் பொருத்தியிருந்து அந்தக் காடியின் மூலையிலிருந்து வெடிப்பு கிளம்பியிருந்தால். கைப்பிடியைத் தாங்கும் 4×4 தூணை அடியில் காடி வெட்டவே கூடாது என்று 2021-ஆம் ஆண்டின் வீடு கட்டும் விதித் தொகுப்பு சொல்கிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்தத் தூணை மாற்ற வேண்டியதுதான்.

சுருக்கம் ஆபத்தாவது இங்கேதான்

இப்போது கைப்பிடிக்கு வருகிறேன்.

கைப்பிடித் தூண் மூன்றரை அங்குலம். அது பொருந்தியிருக்கும் விளிம்புச் சட்டம் ஒன்றரை அங்குலம். இரண்டையும் ஊடுருவிப் போகும் போல்ட், ஐந்து அங்குல மரத்தைப் பிடித்திருக்கிறது, அதாவது 40 நூல். மரம் காயும்போது அதில் ஒரு நூலுக்கு மேல் காணாமல் போகும். போல்ட் இரும்பு, அது சுருங்காது. ஏப்ரலில் நன்றாக முறுக்கிய நட் இன்று மரத்தைத் தொடாமலே நிற்கலாம். சில வருடங்களுக்கு முன் நான் சோதிக்கப் போன ஒரு வீட்டில், வாஷரை இரண்டு விரலால் பிடித்துச் சுற்ற முடிந்தது. அந்தக் கைப்பிடியில் அன்று காலைவரை வீட்டுக்காரர்கள் சாய்ந்து நின்று காப்பி குடித்திருக்கிறார்கள். நாட்பட்ட பழைய டெக் என்று நினைக்காதீர்கள், கட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது.

கைப்பிடியின் மேல் விளிம்பு எந்த இடத்திலும் 200 பவுண்டு தள்ளலைத் தாங்க வேண்டும் என்பது விதி. லேசாக ஆடும் கைப்பிடி அதைத் தாங்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இந்த வாரக் கடைசியிலேயே கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிடுங்கள்.

போல்ட்டுகள்: ஒவ்வொரு தூணிலும் எல்லா நட்டையும் ஸ்பேனரால் முறுக்குங்கள். வாஷர் மரத்தில் பதிய ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் முறுக்கினால் மரம் நசுங்கும். முறுக்கிய பிறகும் தூண் ஆடினால் கோளாறு வேறு, காண்ட்ராக்டர் வந்தாக வேண்டும். தடித்த கட்டை ஐந்து மாதத்தில் முழுதாகக் காயாது என்பதால் அடுத்த கோடை முடிவில் இன்னொரு முறை முறுக்க வேண்டியிருக்கும்.

லெட்ஜர்: வீட்டுச் சுவரோடு ஒட்டி, டெக்கின் ஒரு பக்கத்துப் பாரம் முழுவதையும் தாங்கும் நீளச் சட்டம் அது. கீழே போய் அண்ணாந்து பாருங்கள். அரை அங்குல போல்ட்டோ லேக் ஸ்க்ரூ என்னும் தடித்த மர ஸ்க்ரூவோ வரிசையாகத் தெரிய வேண்டும். ஆணி மட்டும் தெரிந்தால் உடனே டெக்கைப் பூட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். லெட்ஜரை ஆணியை நம்பி விடக் கூடாது. போல்ட் இருந்தால் அதையும் முறுக்குங்கள். சுவருக்கும் லெட்ஜருக்கும் மேலே தண்ணீர் இறங்காமல் தகடு மடித்து விட்டிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

கம்பிச் சட்டங்கள்: கைப்பிடிக்குக் கீழே செங்குத்தாக நிற்கும் சட்டங்களின் இடைவெளி வழியே 4 அங்குல விட்டமுள்ள பந்து நுழையக் கூடாது. குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த அளவு. ஈர மரத்தில் சரியாக நான்கு அங்குலம் விட்டு அடித்திருந்தால், ஒன்றரை அங்குலச் சட்டம் சுருங்கிய அளவுக்கு, அரை நூலோ என்னவோ, இடைவெளி கூடியிருக்கும். அந்த அரை நூலே போதும், பந்து நுழைந்துவிடும். அட்டையில் நான்கு அங்குல வட்டம் வெட்டி ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்துப் பாருங்கள்.

ஆணி, ஸ்க்ரூ: கீழ்ச்சட்டம் சுருங்கும்போது தலைகள் பலகைக்கு மேலே எழும்பும். குழந்தை வெறுங்காலோடு நடக்கும் இடம். ஸ்க்ரூவை இறக்கிவிடலாம், எழும்பிய ஆணியைப் பிடுங்கி ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்புக் கறை வழிந்திருந்தால் சாதாரண இரும்பைப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இந்தச் செம்பு மருந்து சாதாரண இரும்பை அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்ததோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் போட வேண்டும்.

சமையலறை வாசலிலிருந்து டெக்கில் இறங்கும் படி முன்பைவிடக் கூடியிருப்பதாகத் தோன்றினால் அது பிரமையில்லை. ஒன்பதேகால் அங்குல உயரக் கீழ்ச்சட்டம் இரண்டு மூன்று நூல் சுருங்கும். அதில் ஆபத்தில்லை.

2,400 டாலர்

சந்துக்காகவும், குழிவுக்காகவும், பலகை அளவுக்காகவும் பணத்தை நிறுத்தி வைப்பது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். அவர் முன்கூட்டியே சொன்னபடிதான் நடந்திருக்கிறது. ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வரியை மட்டும் தேடுங்கள்: மருந்து ஏற்றியபின் மறுபடி சூளையில் உலர்த்திய மரம் போடுவதாக எழுதியிருக்கிறதா? அப்படி ஒரு வகை உண்டு, விலை அதிகம், சுருக்கம் மிகக் குறைவு. அதற்குக் காசு வாங்கிக்கொண்டு ஈர மரத்தைப் போட்டிருந்தால் உங்கள் கணவரின் கோபம் முழுக்க நியாயம். எழுதியிருக்காவிட்டால் சாதாரண ஈர மரம் என்பதுதான் இங்கே வழக்கம்.

கைப்பிடி ஆட்டம் வேறு கதை. போல்ட் தளர்வது இயற்கை, ஆனாலும் கட்டியவர் ஒருமுறை வந்து முறுக்கித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை. என் யோசனை: மேலே சொன்னவற்றைப் பார்த்து, கண்ட குறைகளைப் போட்டோவோடு ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். "இவற்றைச் சரிசெய்த அன்றே மீதி 2,400 டாலரும் தருகிறோம்" என்று தேதி போட்டு எழுதுங்கள். போனில் சண்டை வேண்டாம். கவுண்டி அலுவலகத்தில் பெர்மிட் எடுத்துக் கடைசிச் சோதனை முடித்தாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிக்கவில்லை என்றால் அதையும் அதே பட்டியலில் சேருங்கள். சோதிக்க வரும் அதிகாரியின் கண் உங்களுக்குச் செலவில்லாத பாதுகாப்பு.

அவர் வரவே மறுத்தால், ஜார்ஜியாவில் 15,000 டாலர் வரையான வழக்கை வக்கீல் இல்லாமலே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடலாம். நான் சட்டம் படித்தவன் அல்ல. அந்த நிலை வந்தால் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். ஆனால் அவரும் பாக்கிப் பணத்துக்காக உங்கள் மேல் வழக்குப் போடலாம். சந்துகளைக் காட்டிப் பணத்தை நிறுத்தியது அங்கே எடுபடாது.

அடைக்க வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்

பசை அடைக்கும் யோசனையை விட்டுவிடச் சொல்லுங்கள். மழைநீர் இறங்கவும் அடியில் காற்றுப் போகவும் அந்தச் சந்துதான் வழி. குளிர்கால மழையில் பலகை கொஞ்சம் உப்பும், கோடையில் மறுபடி ஒடுங்கும். அடைத்த பசை ஒரு வருடத்தில் விட்டு, பக்கத்தில் முடிகணக்கில் இடுக்கு விழும். அந்த இடுக்கில் நிற்கும் தண்ணீர் வெளியே வராது, உளுப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். பைன் ஊசிகளும் சருகும் சந்தில் சேர்ந்தால் அதே கதைதான், மாதம் ஒருமுறை கீறி எடுத்துவிடுங்கள்.

இரண்டு நூல் சந்தில் உங்கள் மகளின் கால் விரல் மாட்டாது. எங்காவது நான்கு நூலைத் தாண்டியிருந்தால் அந்தப் பலகையை மட்டும் கழற்றி நகர்த்தலாம். மொத்த டெக்கையும் கழற்றி நெருக்கி அடிக்கும் செலவுக்கு இப்போது அவசியமில்லை.

கட்டைத் துண்டுகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எரிக்கவே கூடாது. மருந்திலிருக்கும் உலோகம் புகையிலும் சாம்பலிலும் வரும், அதைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காயப்போவது நீங்கள்தான். இடித்துப்போட்ட பழைய டெக்கின் கட்டையும் அந்தக் குவியலில் இருந்தால் இன்னும் மோசம். 2003 முடிய வீடுகளுக்குப் போட்ட மரத்தில் செம்போடு ஆர்செனிக்கும் இருந்தது. அந்த ஆண்டு இறுதியோடுதான் வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்தினார்கள். எல்லாத் துண்டுகளையும் கவுண்டி குப்பைக் கிடங்கில் மருந்து ஏற்றிய மரம் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். அறுக்கும்போதும் இழைக்கும்போதும் மாமனார் முகமூடி போட்டுக்கொள்ளட்டும். தூள் படிந்த துணியைத் தனியாகத் துவையுங்கள்.

சாயம் பூசலாமா என்று கேட்டிருந்தீர்கள். பலகையில் நாலைந்து இடத்தில் தண்ணீரைத் தெளியுங்கள். முத்துப்போல நின்றால் பொறுங்கள், சில நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் மரம் தயார். உள்ளே ஊறும் வகை ஸ்டெயின் வாங்குங்கள். மேலே தோல்போலப் படியும் பெயிண்ட் வேண்டாம், உரிந்து வரும்.

மாமனாரிடம்

நீங்கள் எதையும் மறுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கையே அவருக்குச் சொல்லிவிடும். கடைக்கு அவரையே அழைத்துப் போங்கள். ட்ரீட்டட் பலகைகள் அடுக்கிய இடத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமான ஒன்றை அவரே எடுக்கட்டும். வீட்டில் அதிலிருந்து அரையடித் துண்டு அறுத்து, அகலத்தை நூல் கணக்கில் அளந்து பென்சிலால் அதன் மேலேயே எழுதி, பார்சல் எடைபோடும் தராசில் எடையும் பார்த்து எழுதட்டும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு இரண்டு நாளைக்கு ஒருமுறை இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். முதலில் எடை மட்டும் மளமளவென்று இறங்கும், அகலம் அநேகமாக அசையாது. எடை இறங்குவது மந்தப்படும் சமயத்தில் அகலம் குறைய ஆரம்பிக்கும். நாற்பது ஆண்டு மரம் தொட்ட மனிதர், அந்த இரண்டு வரிசை எண்களைப் பார்த்தாலே மீதியை அவரே சொல்வார்.

அதற்கு முன்னால், இந்தச் சனிக்கிழமை, ஸ்பேனரை அவர் கையில் கொடுங்கள். தளர்ந்த போல்ட்டைக் கண்டுபிடிக்க அவரைவிட நல்ல கை உங்கள் வீட்டில் இல்லை. எந்தத் தூணில் எத்தனை சுற்று முறுக்க வேண்டியிருந்தது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். வெடித்த தூணின் அடிப்பகுதியை, போல்ட் தலை தெரியும்படி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு, அதை மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.